நின்றுகொண்டே பார்த்த நாடகம்

வியன்னா
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே. உங்கள் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. நீங்கள் போட்ட தேதியையும் வந்த தேதியையும் பார்த்தால் இருபத்திரண்டு நாள் பயணம், ஆனாலும் கவரில் ஒரு கசங்கல்கூட இல்லை. தீபாவளிக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். போனில்தான் பேசுகிறோமே என்றால், போனில் நீங்கள் "ம், சரி, இந்தா அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறீர்கள்?

"அந்த ஊரில் நாடகம் உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு ஆரம்பிப்பார்கள்" என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதுவதற்காகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்டு. ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கெல்லாம் முடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் பக்கம் பத்து மணிக்கு பபூனே மேடைக்கு வந்திருக்க மாட்டார்.

இங்கே அதற்கு ஓப்பரா என்று பேர், முழுக்கப் பாட்டாகவே பாடி நடிக்கிற நாடகம். வேலைக்குப் போகும் டிராம் தினமும் அந்த ஓப்பரா கட்டடத்தின் வாசல் வழியாகத்தான் போகிறது. ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன், உள்ளே போகத் தோன்றியதே இல்லை, நமக்கெல்லாம் இல்லை என்று நினைத்திருந்தேன். போகவைத்தது கீழ்வீட்டு அம்மாதான். கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தேனே, பாட்டிலைத் தப்பான தொட்டியில் போட்டுவிட்டேன் என்று மாடிப்படி ஏறி வந்து சண்டை போட்ட கிழவி, அவரேதான். இங்கே வெள்ளைக் கண்ணாடிக்கு ஒரு தொட்டி, கலர்க் கண்ணாடிக்கு ஒரு தொட்டி. பச்சை பாட்டில் வெள்ளையில் விழுந்துவிட்டால் அது கொலைக்குற்றம். கடுகு தாளித்தால் வீடு பற்றி எரிகிறது என்று ஓடிவந்தவரும் அவர்தான், இப்போது ஜலதோஷம் பிடித்தால் ஒரு டப்பாவோடு ரசத்துக்கு வந்து நிற்கிறார். வயது எண்பதுக்கு மேல். அவருக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு அந்த ஓப்பரா. எங்கள் அப்பா நாடகத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அன்றிலிருந்து விடவில்லை. அப்பா ஆர்மோனியம் வாசிக்கிறார், பிள்ளை ஓப்பரா வாசலைக் கடந்து போகிறானா, வெட்கமில்லையா என்றார்.

ஓட்டலில் குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, வாரத்தில் நாலு நாள் வந்தால் போதும் என்கிறார்கள். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது. அதனால்தான் போகவே முடிந்தது.

முதலில் கட்டடத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். 1869-ல் திறந்தது. நம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. கட்டியவர்கள் இரண்டு பேர், சிக்கார்ட்ஸ்பர்க், வான் டெர் நூல், நெருங்கிய கூட்டாளிகள். கட்ட ஆரம்பித்த பிறகு முன்னால் இருந்த ரோட்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். கட்டடம் பள்ளத்தில் உட்கார்ந்ததுபோல ஆகிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா, "புதைந்த பெட்டி" என்று கேலி பேச ஆரம்பித்தது. அது அவர்கள் தப்பும் இல்லை. வான் டெர் நூல் தூக்குப் போட்டுக்கொண்டார். பத்து வாரம் கழித்து மற்றவரும் உடம்பு சரியில்லாமல் போய்ச் சேர்ந்தார். திறப்புவிழாவை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதற்கப்புறம் இந்த ஊர் மகாராஜா எதைப் பார்த்தாலும் "ரொம்ப அழகாக இருந்தது, எனக்கு மிகவும் சந்தோஷம்" என்று மட்டும்தான் சொல்வாராம், பயந்துபோய். கீழ்வீட்டு அம்மா இதைச் சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், கீழே எழுதுகிறேன்.

1945 மார்ச்சில் குண்டு விழுந்து மேடையும் அரங்கமும் எரிந்துபோயின. நூற்றிருபது நாடகங்களுக்கு மேல் வைத்திருந்த சீன்களும், ஒன்றரை லட்சம் உடுப்புகளும் சாம்பல். ஒன்றரை லட்சம், அப்பா! சித்தப்பாவின் இரண்டு டிரங்குப் பெட்டி மழையில் நனைந்ததற்கே நாம் மூன்று நாள் துக்கம் கொண்டாடினோம். வாசலும் பெரிய படிக்கட்டும் மட்டும் தப்பித்தன. அதனால் இன்றைக்கும் பழைய பளிங்குப் படியில் ஏறிப் போய்ப் புது அரங்கத்துக்குள் நுழைகிறோம். 1955 நவம்பரில் பேத்தோவனின் ஃபிதேலியோ போட்டுத் திரும்பத் திறந்தபோது உள்ளே இடம் கிடைக்காத ஜனங்கள் வெளியே குளிரில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்களாம். கீழ்வீட்டு அம்மா அப்போது சின்னப் பெண், அவருடைய அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார். அன்று நிற்க ஆரம்பித்தேன், இன்னும் நிற்கிறேன் என்கிறார்.

நிற்கிறேன் என்பது நிஜமாகவே நிற்பதுதான். உட்கார 1,700 இடம், அது போக நிற்பதற்கென்றே 400-க்கு மேல். நல்ல இருக்கைக்கு இருநூறு யூரோவுக்கு மேலேயும் போகும், நிற்க அதில் ஒரு துளி கொடுத்தால் போதும். காசுக்காக நான் நிற்கவில்லை, சத்தம் சரியாக வந்து விழுவது அந்த இடத்தில்தான் என்று எல்லோருமே சொல்கிறார்கள். மகாராஜா உட்கார்ந்த நடு மாடத்துக்கு நேர் கீழே மரக் கைப்பிடி வைத்துப் படிபடியாக வரிசை. சாயங்காலமே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, உள்ளே ஓடி, கைப்பிடியில் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் அது உங்கள் இடம். அப்புறம் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யாரும் தொட மாட்டார்கள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதே சட்டம்! மஃப்ளரை அன்று துவைத்துப் போட்டிருந்தேன், அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போது நீங்கள் கொடுத்த ஈரிழைத் துண்டைத்தான் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். கட்டினேன். இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் கம்பளி, நடுவில் நம் சிவப்புக்கரைத் துண்டு. கீழ்வீட்டு அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல பருத்தி என்றார்.

அப்பா, மைக் கிடையாது. மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம், அதில் பெரிய கோஷ்டி, ஓபோ என்று ஒரு குழல், அது முதலில் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, மற்ற எல்லோரும் அதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆர்மோனியப் பெட்டி செய்கிற வேலை. அவ்வளவு வாத்தியத்தையும் தாண்டி மனுஷக் குரல் மட்டும் வந்து நெஞ்சில் இடிக்கிறது. மைக் வருவதற்கு முன்னால் ராஜபார்ட் எல்லாம் ஐந்தரைக் கட்டையில் பாடினால் அடுத்த ஊர்க் களத்துமேட்டில் கேட்கும் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்றும் நம் பழக்கம்தான். இங்கே தினமும் வேறு வேறு நாடகம். ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் வேறு ஊரிலிருந்து ஒருவர் காலையில் வந்து இறங்கி, எங்கே நிற்க வேண்டும் எந்தக் கதவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு ராத்திரி மேடையேறிவிடுவாராம். ஒத்திகை இல்லாமல் ஸ்பெஷல் நாடகம் நடத்துவதை உலகத்திலேயே நாம் மட்டும்தான் செய்கிறோம் என்று பெருமை பேசுவீர்களே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பார்த்தது டோஸ்கா. பூச்சினி என்ற இத்தாலிக்காரர் செய்தது, 1900-ல் ரோமில் முதல்முறை போட்டார்கள். இங்கே இப்போது போடுவது 1958-ல் ஓர் அம்மாள் அமைத்த மேடை. அதே அமைப்பில் அறுநூறு முறைக்கு மேல் போட்டாயிற்று, நம் வள்ளி திருமணம் மாதிரி. கதை சின்னது. ராஜபார்ட் ஓர் ஓவியன், ஸ்திரீபார்ட் ஒரு பாடகி, வில்லன் போலீஸ் அதிகாரி. ஓவியனைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறான், பாடகியிடம் நீ எனக்கு இணங்கினால் அவனை விடுகிறேன் என்கிறான். அவள் சரி என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு மேஜைக் கத்தியை எடுத்துக் குத்திவிடுகிறாள். குத்திவிட்டு ஓடவில்லை. பிணத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைக்கிறாள். அந்த நேரம் பேச்சே இல்லை, பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும்தான். பக்கத்தில் யாரும் மூச்சுவிட்ட மாதிரியே தெரியவில்லை.

கைப்பிடியில் சின்னத் திரை இருக்கிறது, வசனம் இங்கிலீஷில் ஓடும். ஆனால் கடைசி அங்கத்தில் நான் அதைப் பார்க்கவில்லை. விடிந்தால் ஓவியனைச் சுடப்போகிறார்கள். மோதிரத்தைச் சிறைக்காவலனிடம் லஞ்சமாகக் கொடுத்து, ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்கிறான். உட்கார்ந்து இரண்டு வரி எழுதுகிறான். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அங்கே கிளாரினெட் தனியாக ஆரம்பித்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட் கச்சேரிக்கு என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து அழைத்துப் போனீர்கள், நான் பாதியில் தூங்கிவிட்டேன், திரும்பி வரும்போது ஆற்றுப்பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, வாசித்ததை எனக்காக வாயாலேயே பாடிக் காட்டினீர்கள். அது எனக்கு மறந்தே போயிருந்தது, அந்தக் கிளாரினெட் கேட்டதும் பாலமும் தண்ணீர்ச் சத்தமும் சைக்கிள் பார் குத்துவதும் அப்படியே வந்துவிட்டன. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இடைவேளை ரொட்டித் துண்டு வேறு பாக்கெட்டில் நொறுங்கிப் போயிருந்தது, கையெல்லாம் தூள். கீழ்வீட்டு அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு என் முழங்கையை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார்.

குளிர் மைனஸ் நாலு. அவரோடு டிராமில் திரும்பி வந்து, அறையில் திருச்சித் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், விளக்குப் போடாமல் போன் வெளிச்சத்தில் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். "அன்புள்ள அப்பாவுக்கு, நலம்" வரைக்கும்தான் போனது. மீதி இன்றைக்கு.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதத்தின் கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் என்று எழுதியிருந்தீர்களே, பொன்னமராவதிக்காரர் கால் ஆர்மோனியத்தைக் கேட்கிறார், இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார் என்று. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு திருவிழாவில் முன்வரிசையில் இருந்த எவனோ, கீபோர்டு இருக்கும்போது இந்தத் தகரப்பெட்டி எதற்கு என்று கத்தினான், அன்றைக்கு மூடியதை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. முழங்கால் வலி என்று ஊருக்குச் சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வேண்டாம். ரோட்டை உயர்த்தினவனை விட்டுவிட்டுக் கட்டினவனைக் கேலி பேசுகிற ஜனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. துருத்தியில் காற்றுப் போகிறது என்றால் புதுக்கோட்டையில் கொடுத்துத் தோல் மாற்றுங்கள், வாய் திறக்காத இரண்டு ரீடையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாயிரத்தையும் தோல் மாற்றும் செலவையும் நான் அனுப்புகிறேன். அது என்னால் முடியும்.

மாதப் பணம் இந்த முறை பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும், பேங்கில் ஏதோ ஃபாரம் கேட்கிறார்கள், பெரிய விஷயமில்லை. சங்கக் கடன் தவணைக்கு மட்டும் மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிடுங்கள், வட்டி ஏறவிட வேண்டாம். அக்கா குழந்தைக்குக் காதுகுத்து சித்திரையிலா வைகாசியிலா என்று முடிவு செய்து எழுதுங்கள். தோடு நான்தான் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், வைகாசி என்றால் எனக்குச் சௌகரியம். மோட்டார் மறுபடியும் இழுக்கவில்லை என்று அம்மா சொன்னது, புது மோட்டார் வேண்டாம், காயில் கட்டினால் போதும், சென்ற முறை கட்டினவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

அம்மாவிடம், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், மெலியவில்லை, போட்டோவில் கோட்டு அப்படிக் காட்டுகிறது என்று சொல்லுங்கள். மார்ச்சில் சித்தப்பா மகன் வரும்போது ரசப்பொடி ஒரு கிலோ கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், அரைக் கிலோவைத் தனிப் பாக்கெட்டில் கட்டச் சொல்லுங்கள், கீழ்வீட்டு அம்மாவுக்கு.

அன்புடன்,
உங்கள் மகன்