வண்டியைத் துடைத்தது போதும், டிராக்குக்குக் கொண்டு வாருங்கள்

சென்னை, கோவைப் பழைய கார் நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் வரிசையாகப் போய், இட்லி காபி முடித்து, பானெட்டைத் திறந்து வைத்துப் படம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி வண்டிக்கு உறை போட்டுவிடுகிறீர்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் இருக்கிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஃபியட் 1100, ஒன்றிரண்டு எம்ஜி எல்லாம் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தய டிராக்கிலோ கோவைப் பக்கம் செட்டிபாளையம் டிராக்கிலோ ஒரு நாள் முழுக்க ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த மடல். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கப் போகிறேன்.

வேலைக்காகச் சில வருடம் பென்சில்வேனியாவில் இருந்தேன். அங்கே பழைய கார் பந்தயங்களுக்கு எடுபிடியாகப் போவேன். டயர் உருட்டுவது, ஜாக்கி போடுவது, டார்ச் பிடிப்பது, அவ்வளவுதான் நம் உத்தியோகம். பிட்ஸ்பர்க் நகரத்தில் ஷென்லி பார்க் என்ற பூங்காவுக்குள் போகும் சாதாரணத் தார்ச்சாலையை அடைத்து, 1983-இல் ஒரு பந்தயம் தொடங்கினார்கள். ஒரு சுற்று இரண்டேகால் மைலுக்குக் கொஞ்சம் மேல். இருபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், ஓரத்தில் கல் சுவர், விளக்குக் கம்பம், தடுப்புக்கு வைக்கோல் கட்டு. நடத்துவது தன்னார்வலர்கள், வசூலாகும் பணம் ஆட்டிசமும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ளவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்குப் போகும். ஜெயித்தவருக்குக் காசு கிடையாது.

நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது அங்கே இல்லை, மிட்-ஓஹையோ டிராக்கில். சனிக்கிழமைப் பயிற்சியில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற சின்ன இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு, எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் முறிந்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஓட்டியவர் ஒரு பல் டாக்டர், அறுபதைத் தாண்டியவர். அந்த ஷாஃப்டிலிருந்து ஹப்பை, அதாவது சக்கரம் பூட்டும் நடுப்பாகத்தை, கழற்றுவது பெரிய தலைவலி, சரியான புல்லரோ பிரஸ்ஸோ இல்லாமல் அசையாது, அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஹப்போடு சேர்த்து முழுசாக ஒரு ஸ்பேர் கொண்டு வருவார்கள். டாக்டர் கொண்டு வரவில்லை. வைத்திருந்தவர் யார் என்றால், அதே வகுப்பில் அவரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டும் இன்னொரு ஸ்பிட்ஃபயர்காரர். யாரும் போய்க் கேட்கவில்லை. சேதி காதில் விழுந்ததும் டிரெய்லரைத் திறந்து ஷாஃப்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் டார்ச் பிடிக்க, டிஃபரென்ஷியல் பக்கத்து நாலு போல்ட்டை இருவரும் மாறி மாறி முடுக்கினார்கள். ஸ்பேனர் மூன்றாவது ஆளுடையது. லீஃப் ஸ்பிரிங் முனையைத் தூக்கிப் பிடிக்க நாலாவது ஆள் வந்தார், அவர் யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் டாக்டர்தான் முன்னால் முடித்தார். ஷாஃப்ட் கொடுத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து, ஷாஃப்டில் இருக்கும் மூட்டைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்று: "யூ ஜாயின்ட் சத்தம் போட்டதா?"

இதைச் சொன்னால் நம் ஆட்கள் உடனே "அவங்க ஊர் ஜனங்க அப்படி சார், நம்ம ஊர்ல நடக்குமா" என்பார்கள். நடக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரநாளில் ஒருத்தனை ஒருத்தன் விழுங்கும் வக்கீல்களும் வியாபாரிகளும்தான். ட்ராக்கில் மட்டும் நல்லவர்களாக நடந்துகொள்ளக் காரணம் மனசு இல்லை, விதி. அமெரிக்காவின் பழைய கார் சங்கங்கள் பலவற்றில் பதின்மூன்று-பதின்மூன்று என்று ஒரு விதி உண்டு. நீங்கள் செய்த தவறால் மோதல் நடந்து வண்டிக்குச் சேதம் வந்தால் 13 மாதம் கண்காணிப்பில் இருப்பீர்கள். அதற்குள் மறுபடி ஒன்று நடந்தால் 13 மாதம் எந்தப் பந்தயத்திலும் வண்டி ஏற்ற முடியாது. ஏன் 12 இல்லாமல் 13? 12 என்றால் தடை முடிந்து அடுத்த வருடம் அதே பந்தயத்துக்கு வந்து நின்றுவிடலாம், 13 என்றால் அதுவும் போச்சு. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். ஒரு சங்கம் போட்ட தடையை மற்ற சங்கங்களும் மதிப்பதால் ஊர் மாறிப் போயும் பிரயோசனம் இல்லை.

அப்புறம் முந்துகிற விஷயம். வேகமான வண்டி பின்னால் வந்தால் முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டுவார். வழிவிட்டதால் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடாது. பரிசுப் பணம் இல்லை, அதனால் வழிவிட்டவருக்கு நஷ்டமும் இல்லை. இங்கே தொகையோ பெரிய கோப்பையோ வைத்த அன்றைக்கே ஷாஃப்டைத் தோளில் தூக்கி வரும் ஆள் காணாமல் போய்விடுவார் என்பது என் கணிப்பு. வெற்றிப் புள்ளிப் பட்டியல் போடலாமா என்று சிலர் கேட்பீர்கள். வேண்டாம்.

ஆக என் நிபந்தனை இதுதான்: முதல் வண்டி கிளம்புவதற்கு முன்பே இந்த விதிகளை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், முதல் மோதல் நடந்த பிறகு யார் மேல் குற்றம் என்று வாட்ஸ்அப் குழுவில் அடித்துக்கொண்டு பிரிந்துவிடுவோம். நம் ஆட்களை நமக்குத் தெரியாதா?

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், சோழவரத்தில், கூட்டம் கூட்டமாக ஜனம் வந்து பந்தயம் பார்த்திருக்கிறது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியைக் கொண்டு வந்து ஓட்டிய அதே ஓடுபாதையில் பட்டறையில் தட்டித் தட்டிச் சரிசெய்த ஃபியட்டுகளும் ஓடின. கோவைக் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கட்டினார், பணம் குறைந்தவனும் பந்தயத்துக்கு வரட்டும் என்றுதான். அவர் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் ட்ராக்குக்கு அவர் பெயர்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் செய்த உங்கள் வண்டியின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. அமெரிக்காவில் மேலே சொன்ன கூத்தெல்லாம் உங்கள் வண்டியின் தம்பிக்காகத்தான் நடந்தது! உங்களுக்கு வேண்டிய பாகங்களில் நிறைய அவர்களிடம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கும், ஐந்தாறு பேர் சேர்ந்து வரவழைத்தால் கட்டுப்படியாகும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பின் ஆக்சில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும். ஈசிஆரில் இது தெரியவராது, டிராக்கில் தெரிந்துவிடும்.

எல்லாரையும் முதல் நாளே ஒன்றாக விட வேண்டியதில்லை. இலங்கையில் நுவரெலியா பக்கம் மஹகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது, அதில் ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தோடு ஓடுவார்கள். நாமும் டிராக்கில் முதல் தடவை அப்படியே தனித்தனியாக நேரம் பார்த்து ஓடலாம். மோதலுக்கு வழியே இல்லை. ஆனால் பாடக் என்கிற அந்த வண்டி நிறுத்தும் இடத்துக் கூத்தெல்லாம் இருக்கும், எனக்கு வேண்டியதும் அதுதான்.

ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கம்பி), ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான், ஹெல்மெட் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது, இதில் பேரம் இல்லை. இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸ் வாங்க வேண்டியவர்கள் வாங்கிவிடுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயஃப்ரத்தையும் தின்றுவிடுகிறது, கிளம்புமுன் மாற்றிவிடுங்கள், ஒழுகும் பெட்ரோல் சூடான மேனிஃபோல்டு மேல் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு ஊர்ச் சங்கங்களில் யாராவது ஒருவர் முன்வந்து, ஒரு வாரநாள் வாடகை எவ்வளவு என்று டிராக் நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். பத்து வண்டி சேர்ந்தால் பகிர்ந்துகொள்ளலாம். விதிகளை நான் தமிழிலேயே எழுதித் தருகிறேன். ஹெரால்டு ஹாஃப் ஷாஃப்ட், ஹப்போடு, ஒன்று என் வீட்டில் சும்மா கிடக்கிறது, அன்றைக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ஹெரால்டுக்காரன்