எந்தத் தெரு, எத்தனை மணி என்று சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தில்லியில் சங்கிலிப் பறிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கணக்கு மாவட்டவாரியாக இருந்தது. எங்கள் தென்மேற்கு மாவட்டத்தில் நகருக்குள்ளிருக்கும் சரோஜினி நகரும் உண்டு, ஹரியாணா எல்லையிலிருக்கும் கபஷேராவும் உண்டு. ஆர்.கே.புரத்தில் இருக்கும் நான் அதை வைத்து என்ன செய்வது?

எங்கள் குடியிருப்புப் பெண்கள் சேர்ந்து கூகுள் வரைபடத்தில் எங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறோம். எங்கே சங்கிலியோ செல்போனோ பறிபோனாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி, கூடவே நாளும் நேரமும். கிருத்திகைக்கு இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திர் போய்த் திரும்பும் வழிதான் ஆபத்து என்று எல்லோரும் பயந்தோம். அங்கே ஒன்றிரண்டு புள்ளிகள்தான். நேரவாரியாக நிறம் கொடுத்துப் பார்த்தால், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலுள்ள சர்வீஸ் ரோட்டில், ஆபீஸ் விட்டு வரும் வேளையில் குவிந்து கிடக்கின்றன. அங்கே தெருவிளக்கை வேப்பங்கிளை மறைக்கிறது. பைக்கில் வருகிறவன் பறித்த கையோடு பெரிய சாலையில் ஏறிவிடுகிறான்.

தில்லி போலீஸிடம் இதைவிடப் பெரிய வரைபடம் இருக்கிறது. இஸ்ரோ உதவியோடு உருவான ‘சிமாப்ஸ்’ அது. ஆனால் அதை அவர்கள்தான் பார்க்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல் தெருவாரி வரைபடத்தை யாரும் பார்க்கலாம். வீடு தெரியாதபடி புள்ளியைச் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். அதில் மாதம்தான் இருக்கும், மணி இருக்காது. சிகாகோவில் 2001 முதலான பதிவுகள் தேதி, மணியோடு கிடைக்கின்றன; கதவெண்ணின் கடைசி இலக்கங்களை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்த மாதிரிதான்.

ஒரு கவலையும் உண்டு. ஜுக்கி எனும் குடிசைப் பகுதிக்குப் பக்கத்தில் புள்ளிகள் கூடினால், அங்கே குடியிருப்பவர்களைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். அங்கே நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. பறிகொடுத்த இடத்துக்கும் பறித்தவன் வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை வரைபடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அப்புறம், தாலிச் சங்கிலி போனதை வெளியில் சொல்லக் கூசிப் புகாரே கொடுக்காதவர்கள் எங்களிலேயே இருக்கிறார்கள். புள்ளி இல்லாத தெருவைப் பத்திரமான தெரு என்று நம்பிவிடக் கூடாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் பறிப்பு 304-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதனால் அந்த வழக்குகளைப் பிரித்தெடுப்பது இப்போது சுலபம். அந்த ஒரு பிரிவை மட்டுமாவது, இடமும் மணியும் சேர்த்து, தில்லி போலீஸ் மாதாமாதம் வரைபடத்தில் வெளியிட வேண்டும். உங்கள் நாளிதழும் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

ஒரு வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி