பந்தயத் தடத்தின் வாசலோடு நின்றுவிடும் இன்சூரன்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு நேரங்களில் நெடுஞ்சாலைகளில் காரில் பந்தயம் ஓட்டும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகத்தில் ஆசை உள்ளவர்கள் சாலையை விட்டுவிட்டு, கோவை செட்டிப்பாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் உள்ள பந்தயத் தடங்களுக்குப் போகட்டும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாநில அரசின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் தடத்துக்குப் போகச் சொல்கிறவர்கள் கூடவே சொல்ல வேண்டிய ஒரு செய்தி அந்தக் கட்டுரையில் விடுபட்டுவிட்டது. நாம் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்கும் கார் இன்சூரன்ஸ் அந்தத் தடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது.

நான் கோவையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனச் சேத சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் பார்த்த ஒரு காரை இன்றும் மறக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாண்டுகளே ஆன ஓர் இளைஞர், கடனில் வாங்கிய காரை, பணம் கட்டிச் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே' நிகழ்ச்சி ஒன்றுக்கு ஓட்டிச் சென்றிருக்கிறார். ஒரு வளைவில் பிரேக்கைச் சற்றுத் தாமதமாக மிதித்ததால், கார் தாரை விட்டிறங்கி டயர்ச் சுவரில் போய் மோதியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்தபோது முன்பம்பருக்குள்ளும் சக்கரக் குழிவிலும் பொடிச்சரளை அடைந்து கிடந்தது. பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. டயரின் ஓரம் ரோமம் போல் உரிந்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பிய்த்தெடுத்த பசைத்தடம்கூடப் போகவில்லை. சாலை விபத்தில் இந்த நான்கையும் ஒருசேரப் பார்க்க முடியாது. அந்த இளைஞர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி க்ளெய்ம் படிவத்தில் எழுதியிருந்தார். பத்து நாளில் நிறுவனத்திலிருந்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. அவருடைய தந்தை என்னைத் தேடி வந்து, "ஃபுல் இன்சூரன்ஸ் தானுங்க போட்டிருக்கோம், அப்புறம் எப்படிங்க இல்லைன்னு சொல்றாங்க?" என்று கேட்டார்.

'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று ஒன்று கிடையாது என்பதை அவருக்கு விளக்கப் பாலிசியை எடுத்துவரச் சொன்னேன். தனியார் காருக்கான எந்தப் பாலிசியிலும் 'பயன்பாட்டு வரம்புகள்' என்றொரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு, ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, பந்தயத்தில் மற்ற வண்டிகளுக்கு வேகம் அமைத்துக் கொடுப்பது, வண்டியின் தாங்குதிறனைப் பார்க்கும் நெடுந்தூர ஓட்டம் ஆகியவற்றுக்கும் காப்பீடு இல்லை என்று அதில் அச்சிட்டிருக்கும். 2002-ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளிலிருந்து பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ இதே வாசகத்தைத்தான் எடுத்தாள்கின்றன. ரேலிகளுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டிப் பெறும் ஒரு விரிவாக்கம் அந்த விதிகளில் இருக்கிறது. அதிலும்கூடப் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். தேய்மானத்தைக் கழிக்காமல் உதிரிபாக விலையைத் தரும் 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பீட்டை எடுத்திருந்தாலும் பயனில்லை. அடிப்படைப் பாலிசி செல்லாத இடத்தில் அதன்மேல் வாங்கிய எதுவும் செல்லாது. உரிமையாளரே ஓட்டும்போது இறந்தால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் இதே வரம்புக்கு உட்பட்டதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. டிராக் டே என்பது பந்தயமா? அங்கே பரிசு கிடையாது. பெரும்பாலும் நேரம் குறிப்பதும் கிடையாது. முன்னால் போகிறவர் கைகாட்டிய பிறகு, நேர்ப்பாதையில் மட்டுமே முந்த வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. மழையில் திடீரென்று பிரேக் பிடித்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கற்றுக்கொள்ளவே தடத்துக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை 'வேகச் சோதனை' என்று எந்த நியாயத்தில் அழைப்பது? பாலிசி இந்தச் சொற்களுக்கு விளக்கம் தருவதில்லை. ஒப்பந்த வாசகம் இருபொருள் தந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன என்பது உண்மை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வண்டியையும் வங்கியில் தவணையையும் வைத்துக்கொண்டு, நுகர்வோர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

தன் காரின் சேதமாவது தன்னோடு போகும். பிறருக்கு நேரும் காயம்தான் என்னைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு. பொதுமக்கள் உரிமையோடு நுழையக்கூடிய இடமே பொது இடம் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே போகும் தடம் அதில் அடங்குமா என்பதே முதல் வாதமாகிவிடும். அதைத் தாண்டினாலும், இழப்பீட்டு வழக்கில் நிறுவனம் தன்னை விடுவித்துக்கொள்ள எடுத்துவைக்கக்கூடிய காரணங்கள் என்று சட்டமே அனுமதித்துள்ள சிலவற்றுள் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. முன்பு 149-ஆம் பிரிவில் இருந்த அது, இப்போது 150-ஆம் பிரிவில் இருக்கிறது. ஓட்டுகிறவர்களை எச்சரிக்க வளைவில் கொடியோடு நிற்கும் மார்ஷல் என்ற தடப் பணியாளர் மீது கார் ஏறினால், பக்கத்து இருக்கையில் ஆசையாக ஏறிவந்த நண்பருக்கு முதுகெலும்பு முறிந்தால், அந்த இழப்பீடு முழுவதும் ஓட்டியவரின் தலையில், அதாவது அவர் குடும்பத்தின் வீட்டின்மேலும் நகையின்மேலும் வந்து விழக்கூடும்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு தெளிவு தேவை. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (IRDAI) தரப்படுத்திய விலக்கு வாசகம், மோட்டார் பந்தயம் போன்ற ஆபத்தான விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபடுகிறவர்களின் சிகிச்சைச் செலவை மட்டுமே விலக்குகிறது. ஆகவே ஒருநாள் போய் ஓட்டிய சாதாரண மனிதரின் மருத்துவ க்ளெய்மை அந்த வாசகத்தைக் காட்டி மறுக்க முடியாது. உடலுக்கு இப்படி அளந்து எழுதத் தெரிந்த ஆணையம், காருக்கும் அதே அளவு அக்கறையோடு எழுதலாம்.

நிராகரிப்புக்குப் பயந்து சிலர் செய்யும் காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அடிபட்ட வண்டியைத் தடத்திலிருந்து இழுத்து வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திப் படம் எடுத்து, நாய் குறுக்கே வந்தது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இது மோசடி, சரளையும் டயரும் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையை எழுதிய அந்த இளைஞர் பணத்தை இழந்தார். அவரைப் போன்றவர்களுக்கு நேர்வழி ஒன்று இல்லாமல் வைத்திருப்பதால்தான் மற்றவர்கள் அந்தக் குறுக்குவழிக்குப் போகிறார்கள் என்பது என் அனுபவம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழக்கமான பாலிசி தடத்துக்குச் செல்லாது என்ற நிலை பரவலாக உண்டு. ஆனால் அங்கே ஒரு நாளுக்கு, ஒரு தடத்துக்கு என்று தனிப் பாலிசி வாங்கலாம். காரின் மதிப்பை வைத்துப் பிரீமியம் கணக்கிடுவார்கள், சேதத்தில் முதல் ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே அப்படியொரு பாலிசியை ஒரு சாதாரண கார் உரிமையாளர் வாங்கி நான் பார்த்ததில்லை. 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் நடந்தது, 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயமே நடந்தது. அதைப் பார்த்த பிள்ளைகள் தங்கள் சொந்தக் காரோடு தடத்துக்கு வரத்தான் செய்வார்கள்.

ஆகவே, பயிற்சி ஓட்டமும் பந்தயமும் வெவ்வேறு என்று பாலிசி வாசகத்தில் பிரித்து எழுத ஒழுங்குமுறை ஆணையம் முன்வர வேண்டும். ஒருநாள் காப்பீட்டை நிறுவனங்கள் விற்க வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்கும். ஆனால் தடத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த இளைஞர் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தின் நகலை எனக்குக் காட்டினார். நான்கு பக்கமும் ஆங்கிலம். எது நேர்ந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல என்பது பலவிதமாகச் சொல்லப்பட்டிருந்தது. அவருடைய கார் இன்சூரன்ஸ் அன்று செல்லாது என்பது ஓரிடத்திலும் இல்லை. அந்த ஒரு வரியைப் படிவத்தின் தலைப்பிலேயே, தமிழில், பணம் வாங்குவதற்கு முன்பே அவர்கள் அச்சிட்டுத் தர வேண்டும் என்று தங்கள் இதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனச் சேத சர்வேயர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.