உனக்குன்னு சொல்லல, பொதுவாதான் சொல்லுதேன்

ஏட்டி, நல்லா இருக்கியா. வீடியோல மொகத்தக் காட்டாம வேல ஜாஸ்தி வேல ஜாஸ்தின்னு மெசேஜ் மட்டும் போடுத, சரி இருக்கட்டும். மருமகனும் லீவு போட்டுட்டு வீட்டுலதான் இருக்காராம், சம்பந்தியம்மா வாய் தவறி சொல்லிட்டாக. நான் ஒண்ணும் கேக்கல. இந்த 2021 கொரோனா கட்டுப்பாட்டுல சித்தப்பா வீட்டு கல்யாணத்துக்கு 50 பேருக்குத்தான் அனுமதி, யார விடுறது யாரக் கூப்புடுறதுன்னு ஒரே சண்ட, அத பெறகு சொல்லுதேன்.

இங்க எங்க சுகாதார சென்டர்ல மாசமா இருக்கவங்களுக்கு கொரோனா தடுப்பூசி போட்டுக்கிட்டே இருக்கோம். நம்ம கவர்மென்ட் ஜூலை 2-ம் தேதிதான் கர்ப்பிணிக்கும் போடலாம்னு சொல்லிச்சு. உங்க இங்கிலாந்துல ஏப்ரல்லயே ஃபைசர், மாடர்னா போடலாம்னு சொல்லிட்டாக. இங்க ஒவ்வொரு மாமியாளும் என்ன வாசப்படியிலயே நிறுத்தி சண்டைக்கு வந்தாளுவ, அத்தன பேருக்கும் பதில் சொல்லி போட வச்சிட்டேன், ஆனா மான்செஸ்டர்ல இருக்க எம்மவ போட்டாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேக்கும்போதெல்லாம் பேச்ச மாத்திருத. போகட்டும், இப்ப அத பேசி ஆவப்போறது ஒண்ணுமில்ல.

பொதுவா சொல்லுதேன், 28 வாரம் தாண்டின பெறகு கொரோனா வந்தா சும்மா சளி காய்ச்சல்னு இருந்துரக் கூடாது. வயித்துல புள்ள வளர வளர கர்ப்பப்பை மேல ஏறி நெஞ்சாங்கூட்ட நெருக்குது, ஆக்சிஜனும் ரெண்டு பேருக்கு வேணும். மே மாசம் ஒருத்திய பாக்கப் போனேன், திண்ணையில உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கா, "நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர், லேசா இருமல்தான்"ங்கா. ரத்தத்துல ஆக்சிஜன் அளக்குற மெஷின விரல்ல மாட்டிப் பாத்தா 88. எனக்கு கை நடுங்கிருச்சு, அவளுக்கு மூச்சு வாங்குறதே தெரியல. 108-ல ஏத்தி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனோம். தாயும் புள்ளையும் நல்லா இருக்காக, பய ரெண்டு கிலோதான் பொறந்தான், இப்ப கொழுகொழுன்னு இருக்கான். அதான் சொல்லுதேன், நல்லாத்தான் இருக்கேன்னு நீ சொல்லாத, மெஷின் சொல்லட்டும். 95-க்கு கீழ போனா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஃபோன். புள்ள அசைவு கொறஞ்சாலும் அப்படித்தான். மல்லாக்கப் படுக்காத, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு.

மருந்துக்குப் பயப்படாத. இது அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் கொஞ்சம் மாறும். இங்க ஆக்சிஜன் வைக்கிற நெலமைக்குப் போனா 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு. எங்களுக்கு அது பழகின ஊசி, கொறமாச பிரசவம் வரும்போல இருந்தா புள்ள நுரையீரலுக்காக 12 மணி நேரத்துக்கு ஒண்ணா 4 போடுவோம். அங்க கர்ப்பிணிக்கு நாள்கணக்கா குடுக்கணும்னா டெக்ஸாவுக்கு பதிலா ப்ரெட்னிசலோன் இல்லன்னா ஹைட்ரோகார்டிசோன் குடுக்காக, இது ரெண்டும் நஞ்சுக்கொடியத் தாண்டி புள்ளைக்கு அவ்வளவா போகாதாம். ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பாரினும் போடுவாக, வீட்டுக்கு அனுப்பின பெறகும் 10 நாள் போடச் சொல்லுவாக, வயித்துல ஊசியான்னு மொகத்த சுளிக்காத. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போடலாம். உங்க அத்த கபசுர குடிநீர் பார்சல் போடவான்னு கேட்டா, மாசமா இருக்கவளுக்கு நாமளா எதையும் குடுக்கக் கூடாதுன்னுட்டேன். வாட்ஸப்ல எவனாவது ஐவர்மெக்டின் மாத்திரை போடுன்னு சொன்னா தொடாத, கர்ப்பிணிக்கும் பால் குடுக்கறவளுக்கும் வேண்டாம்னு நம்ம மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், 2021 பேப்பர்லயே போட்டிருந்துச்சு.

போன வருஷம், 2020-ல, பிரேசில்ல கொரோனாவால ஜூன் பாதிக்குள்ளயே கர்ப்பிணியும் புள்ள பெத்தவளுமா 124 பேரு செத்துப்போயிட்டாக, அதுல அஞ்சுல ஒருத்திக்கு மேல ஐசியூவுக்கே போகல. இந்த 2021 ஏப்ரல்ல அந்த அரசாங்கமே முடிஞ்சா கர்ப்பத்த தள்ளிப் போடுங்கன்னு சொல்ற நெலமைக்கு வந்துட்டு. நோய் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், ஆஸ்பத்திரியில பெட் கெடச்சவ பொழைச்சா. உனக்கு பெட் இருக்கு, ஆக்சிஜன் இருக்கு, கூப்புட்டா வண்டி வரும், பெறகு என்னத்துக்கு கூச்சம். எம்மவ யாரையும் எதுக்கும் தொந்தரவு பண்ண மாட்டான்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லுவேன், இப்ப அந்த குணத்தத்தான் நெனச்சா எரிச்சலா வருது. தொந்தரவு பண்ணு.

கொரோனா வந்துட்டுன்னு வயித்தக் கிழிச்சே ஆகணும்னு இல்ல. மொதல்ல வூஹான்ல முக்கால்வாசி பேருக்கு ஆபரேஷன்தான் பண்ணினாக, புள்ளையவும் 14 நாள் தனியா வச்சாக. இப்ப மாஸ்க் போட்டு, கையக் கழுவி, தாய் பக்கத்துலயே வச்சு பால் குடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இதுக்குப் பயந்துக்கிட்டு சொல்லாம இருக்கவங்களும் உண்டு, அதுக்காகச் சொன்னேன்.

பேச மூச்சு வாங்குனா பேச வேண்டாம். என்ன ஏதுன்னு நானும் கேக்க மாட்டேன். காலையிலயும் ராத்திரியும் விரல்ல மாட்டுன அந்த மெஷின போட்டோ எடுத்து அனுப்பு, நம்பர் தெரியிற மாதிரி. மருமகன் போன்ல இருந்து வந்தாலும் சரிதான், நான் முழிச்சுதான் இருப்பேன்.