ஏரியோரக் கண்ணாடிச் சுவரில் வலசைப் பறவைகள் மோதி இறப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: காலைநடை செல்லும் முதியோர், ஸ்காபரோ.
பெறுநர்: எமது வட்டார மாநகரசபை உறுப்பினர் அவர்கள், ரொறன்ரோ.

விடயம்: சமூக நிலையக் கண்ணாடிகளில் புள்ளிகள் ஒட்டுதலும், வலசைக் காலத்தில் இரவு விளக்குகளை அணைத்தலும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

ஒன்ராறியோ ஏரியின் வடகரையில், ரூஜ் ஆறு ஏரியோடு கலக்கும் சதுப்புநிலத்தை ஒட்டி நாள்தோறும் காலைநடை செல்பவர்கள் நாங்கள். மன்னாரில் பூநாரைகள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களும் எம்மில் இருக்கிறார்கள். மார்ச் மாதத்தில் செந்தோள் கரும்பறவைகளின் குரல் நாணற்புதர்களில் கேட்கத் தொடங்கியதுமே தொலைநோக்கியோடு புறப்பட்டுவிடுவோம். மே நடுப்பகுதியில், மத்திய, தென் அமெரிக்க நாடுகளில் பனிக்காலத்தைக் கழித்த வார்ப்ளர் குருவிகள் இரவோடிரவாக ஏரியைக் கடந்து, விடியும் வேளையில் களைத்துப்போய்க் கரையோர மரங்களில் இறங்குகின்றன. தளிர்களில் புழுத் தேடும் அவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் காணக்கூடிய நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே.

அம்மரங்களுக்கு நேர் எதிரே சமூக நிலையத்தின் கண்ணாடிச் சுவர் நிற்கிறது. கடந்த மே மாதம் ஒருநாள் காலை அதன் அடியில் ஓவன்பேர்ட் குருவி ஒன்று கிடந்தது. ஒலிவ் பச்சை முதுகு, மார்பில் கரும்புள்ளிகள், உச்சந்தலையில் இரு கருங்கோடுகளுக்கு நடுவே செம்மஞ்சள் பட்டை. கையில் எடுத்தபோது உடற்சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் மேப்பிள் மரம் அச்சொட்டாகத் தெரிந்தது. மரமென்று நம்பியே அது பறந்து வந்திருக்க வேண்டும்.

பறவைகள் மோதாத வகையில் கண்ணாடி அமைக்க வேண்டுமென்ற விதி 2010 முதல் இந்நகரின் புதிய கட்டடங்களுக்கு உண்டு. இந்நிலையம் அதற்கு முன்பே கட்டப்பட்டது. இங்கு ஒட்டப்பட்டுள்ள இரண்டு பருந்துப் படங்களால் பயனில்லை. படத்தைத் தவிர்த்து, அருகிலுள்ள வெறுங்கண்ணாடியில் பறவைகள் மோதுகின்றன. முழுப் பரப்பிலும் 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் புள்ளிகள் இருந்தால்தான் அவை விலகிச் செல்லும். உட்புறம் ஒட்டினால் பிரதிபலிப்பு புள்ளிகளை மறைத்துவிடுமாதலால், வெளிப்புறத்திலேயே ஒட்டுதல் அவசியம்.

ஆகவே, அடுத்த வலசைக் காலத்துக்கு முன் ஏரிப்பக்கக் கண்ணாடிகளுக்கு இப்புள்ளிகளை ஒட்டுவித்து, மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் தொடக்கம் வரை நிலையம் மூடியபின் விளக்குகளை அணைக்கவும் ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். வெளிச்சம் இரவில் பறக்கும் பறவைகளைத் திசைதப்பச் செய்து கட்டடங்களை நோக்கி இழுக்கிறது. கீழ்வரிசைக் கண்ணாடிகளைத் துடைத்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்