எலியா, மனிதரா? முதல் வரியிலேயே எழுதுங்கள்

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

"காந்தத் துகள்கள் புற்றுநோய்க் கட்டியை உருக்கும்" என்று போன வாரமும் செய்தி வந்தது. சோதனை எலியில் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா என்று கடைசி வரி வரை தேடினேன். இல்லை.

என் அண்ணனுக்கு மூளையில் கட்டி. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, மறுபடி வளர்ந்துவிட்ட நேரம். இப்படி ஒரு செய்தியை அம்மா ஓரம் பிசிறாமல் பிளேடால் வெட்டி, ஸ்கேன் ஃபைலில் முதல் தாளாக வைத்தார். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்து, டாக்டரிடம் அதைத்தான் முதலில் நீட்டினார். அவர் பொறுமையாக முழுவதும் படித்தார். "இது எலிக்குச் செய்ததம்மா" என்றார். அம்மா தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, ஃபைலின் அடியில் செருகினார். ஊர் வரும்வரை பேசவில்லை.

ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, நொடிக்கு ஒரு லட்சம் முறை மாறும் காந்தப்புலத்தில் சூடேற்றும் சிகிச்சை ஜெர்மனியில் மனிதருக்கே நடந்தது. கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். 2011-இல் வெளியான ஆய்வில், மூளைக் கட்டி திரும்பி வந்த 59 பேரில் பாதிப் பேர் அதன்பின் 13.4 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். இந்தச் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட வேறு குழு இல்லை. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அகற்ற வேண்டும், சிகிச்சைக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் துகள் செலுத்திய இடம் சரியாகத் தெரியாது. சிகிச்சையை உருவாக்கிய நிறுவனம் 2022-இல் திவால் மனு கொடுத்தது. துகளில் மருந்தேற்றிக் காந்தத்தால் கட்டியை நோக்கி இழுப்பதையும் 1996-இலேயே 14 நோயாளிகளிடம் சோதித்தார்கள். உடலுக்குள் ஆழம் கூடக் கூடக் காந்தத்தின் பிடி தளர்ந்துவிடுவதுதான் அங்கே பெரிய தடை.

இதில் எதுவும் எங்கள் வீட்டுக்கு வந்த செய்தியில் இல்லை. தங்கம் விலையை கிராம் கணக்கில் பிசகாமல் போடுகிறீர்கள். உயிர் விஷயத்தில் மட்டும் "விரைவில்" என்ற ஒரு சொல் போதுமா? அன்று அதே பக்கத்தின் கீழே காந்தக் காப்பு விளம்பரம் வேறு. அம்மா அதையும் வாங்கி அண்ணன் கையில் போட்டுவிட்டார்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: எலியா, மனிதரா, எத்தனை பேர், இப்போது எங்கே கிடைக்கிறது என்று தயவுசெய்து முதல் வரியிலேயே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் தலைப்பின் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி