லாங் டபுளை ஏபிஐயிலிருந்து எடுத்துவிடுங்கள்

எண்கணிப்பு லைப்ரரிகளைப் பராமரிப்போருக்கு,

வணக்கம். உங்கள் லைப்ரரிகளைப் பல தளங்களுக்குக் கம்பைல் செய்து பேக்கேஜ் ஆக்குபவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வெளியார் அழைக்கும் ஃபங்ஷன்களிலும் (ஏபிஐ) கோப்பு வடிவங்களிலும் லாங் டபுள் வேண்டாம். சி மொழியில் புள்ளி எண்களுக்கான வழக்கமான வகை 64 பிட் டபுள்; அதைவிடக் கூடுதல் துல்லியத்துக்கென வைத்த வகை லாங் டபுள்.

அதன் துல்லியம் டபுளைவிடக் குறையாது என்பதற்கு மேல் சி தரநிலை பெரிதாக எதையும் உறுதி செய்வதில்லை. மற்றதெல்லாம் தளத்தின் விருப்பம். 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் தருவது 80 பிட் எண். அதில் இலக்கங்களை வைக்கும் பகுதியான மான்டிஸா 64 பிட். அதே சிப்பில் விண்டோஸின் விஷுவல் சி++ தருவது 53 பிட் மான்டிஸா, அதாவது வெறும் டபுள். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் மேக்ஓஎஸ்ஸிலும் அப்படியே. 64 பிட் ஆர்ம் லினக்ஸிலோ 113 பிட். ஆனால் அங்கே ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் ஒரு மென்பொருள் ஃபங்ஷன் அழைப்பு என்பதால் வேகம் படுத்துவிடும். பவர் சிப்பின் பழைய வடிவம் இன்னும் விநோதம்: இரண்டு டபுள்களை ஒட்டவைத்த 106 பிட். ஜிசிசியில் அதற்கான எப்சிலான் (1-க்கும் அதற்கடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி) 2-இன் −1074ஆம் அடுக்கு. பிழை அதற்குக் கீழே இறங்கும்வரை சுற்றச் சொன்ன லூப் நிற்காமலே போகலாம்.

கோப்பில் எழுதினால் வேறு தொல்லை. 64 பிட் இன்டெல் லினக்ஸில் இந்த எண் பிடிக்கும் இடம் 16 பைட்; மதிப்பு இருப்பது 10 பைட்டில்தான். மிச்சம் 6 பைட்டில் எந்தக் குப்பையும் இருக்கலாம். பைட் பைட்டாக ஒப்பிட்டாலோ ஹாஷ் எடுத்தாலோ, சமமான இரு எண்கள் வேறாகத் தெரியும். ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூவில் கம்பைலர் 80 பிட் தர, மைக்ரோசாஃப்ட்டின் பிரின்ட்எஃப் அதை 64 பிட்டாகப் படித்து அர்த்தமற்ற எண்ணை அச்சிடும். மெமரிப் பிழை தேடும் கருவியான வால்கிரைண்ட் 80 பிட் கணக்கை 64 பிட் டபுளிலேயே போடுகிறது; அதற்குள் மட்டும் டெஸ்ட் தோற்றால் உங்கள் நிரலைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

டபுளுக்கு மாறினாலும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது: பெருக்கலையும் கூட்டலையும் ஒரே ரவுண்டிங்கில் முடிக்கும் எஃப்எம்ஏ. ஜிசிசி இயல்பாகவே அதைப் பயன்படுத்தும். கிளாங் கம்பைலரும் 14ஆம் பதிப்பு முதல் அப்படியே. 64 பிட் இன்டெலின் அடிப்படை பில்டில் அந்தக் கட்டளை கிடையாது, 64 பிட் ஆர்மில் எப்போதும் உண்டு. a×a − b×b-இல் இரண்டும் சமமாக இருந்தாலும், ஒரு பெருக்கல் ரவுண்ட் ஆகி மற்றது ஆகாததால், ஆர்மில் விடை நுண்ணிய எதிர்ம எண்ணாகலாம். அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ‘எண் அல்ல’ (NaN) என்று வரும். விடை பிட் மாறாமல் வேண்டிய கோப்புகளை ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள்.

கூட்டுத்தொகையில் கூடுதல் துல்லியம் தேவையா? டபுளோடு நியூமையர் முறையில் பிழையைத் தனியே சேர்த்து வாருங்கள். அந்தக் கோப்புக்கு மட்டும் ஃபாஸ்ட்-மேத் (வேகத்துக்காகக் கணக்கை மாற்றியமைக்கும் கம்பைலர் தேர்வு) கூடாது. ஈடுகட்டும் கழித்தலைக் கம்பைலர் ‘பூஜ்யம்தானே’ என்று அழித்துவிடும். உள்ளே 64 பிட் மான்டிஸா இன்றியமையாதது என்றால் கம்பைல் நேரத்திலேயே சோதித்து, இல்லாத தளத்தில் பில்டை நிறுத்துங்கள்.

பழைய ஃபங்ஷன்களை உடனே பிடுங்க வேண்டாம், ஏபிஐ உடையும். பக்கத்தில் டபுள் வடிவத்தைச் சேர்த்து, பழையதை டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, அடுத்த பெரிய பதிப்பில் நீக்கினால் போதும்.

இப்படிக்கு,
பேக்கேஜ் தயாரிப்போர் சிலர்